வெள்ளி விலை ஏறுது... பழைய ‘பஞ்ச்’ கரண்டியை எடைக்குப் போடலாமா? 300 வருஷக் கதையும் போலியைக் கண்டுபிடிக்கும் வழியும்!

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் உலகம் முழுக்க ஒரே காட்சிதான். லாக்கரிலும் பரணிலும் கிடக்கும் பழைய வெள்ளிச் சாமான்கள் வெளியே வரும். கடைக்காரர் தராசில் வைப்பார், கிராம் கணக்குச் சொல்வார், காசு கைக்கு வரும். பொருள் உருக்கப் போய்விடும்.

குத்துவிளக்கோ தட்டோ எதுவானாலும் இதே கணக்குதானா? இல்லை. சில பொருட்களை எடை போட்டு விற்றால் நஷ்டம் விற்பவருக்குத்தான். அதற்குச் சரியான உதாரணம், 18-ம் நூற்றாண்டு பிரிட்டனில் செய்யப்பட்ட வெள்ளி ‘பஞ்ச்’ கரண்டி. இதில் இருக்கும் வெள்ளி சில பத்து கிராம்தான். ஆனால் இதன் பெயரில் இந்தியா இருக்கிறது, காம்பில் ஆர்க்டிக் கடல் திமிங்கலம் இருக்கிறது, அடியில் ஒரு ராஜா தலை போட்ட நாணயம் இருக்கிறது.

இந்தக் கரண்டியில் அப்படி என்ன இருக்கு? உண்மையானதா, போலியா என்று எப்படிப் பார்ப்பது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பஞ்ச் கரண்டி என்றால் என்ன?

பஞ்ச் என்பது ஒரு கலவை மது பானம். சாராயம் அல்லது ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், ஜாதிக்காய் மாதிரி ஒரு வாசனைப் பொருள். இவை சேர்ந்ததுதான் அதன் அடிப்படைக் கலவை. சூடாகவும் குடித்தார்கள், ஆறவைத்தும் குடித்தார்கள்.

இதைத் தனித்தனி டம்ளரில் கலக்க மாட்டார்கள். மேஜை நடுவில் ஒரு பெரிய கிண்ணம். அதில் மொத்தமாகக் கலந்து, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அள்ளி ஊற்றுவார்கள். அந்த அள்ளும் கருவிதான் பஞ்ச் கரண்டி.

பார்க்க நம்ம ஊர் சிரட்டை அகப்பை மாதிரியே இருக்கும். அகப்பையில் முகப்பு தேங்காய்ச் சிரட்டை, காம்பு மூங்கில் அல்லது மரம். இதில் முகப்பு வெள்ளி, காம்பு மரம் அல்லது திமிங்கலத்திலிருந்து எடுத்த ஒரு பொருள். மொத்த நீளம் பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர். முகப்பு வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். ஓரத்தில் ஊற்றுவதற்கு வசதியாக ஒரு மூக்கு. சிலவற்றில் வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் உதவுகிற மாதிரி இரண்டு மூக்கு.

‘பஞ்ச்’... நம்ம பஞ்சாமிர்தத்து ‘பஞ்ச’வா?

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புகிறது.

ஆங்கிலத்தில் பஞ்ச் என்ற பானத்தின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, லண்டனில் எழுதிய கடிதம் அல்ல. சோழமண்டலக் கரையில் எழுதியது. 1632 செப்டம்பரில் ஆர்மகான் என்ற இடத்திலிருந்து ராபர்ட் ஆடம்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆள், அதே கரையில் வேறு ஊரில் இருந்த இன்னொரு கம்பெனி ஆளுக்கு எழுதிய கடிதத்தில் ‘பஞ்ச் குடிப்பது’ பற்றிப் பேசுகிறார்.

ஆர்மகான் எங்கே இருக்கு? பழவேற்காட்டுக்கு வடக்கே, இன்றைய ஆந்திராவில் துகராஜபட்டினம் என்று அழைக்கப்படும் இடம். ஞாபகம் வச்சுக்கோங்க, இது 1632. மெட்ராஸ் என்ற ஊரே கம்பெனி கைக்கு இன்னும் வரவில்லை. இதே ஆர்மகானில் கம்பெனி அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டேதான், 7 வருஷம் கழித்து 1639-ல் மெட்ராஸில் இடம் வாங்கினார்.

பெயர் எப்படி வந்தது? 1670-களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ரையர், 1698-ல் வெளிவந்த தன் பயணக் குறிப்புகளில் ஒரு விளக்கம் தருகிறார். ஐந்து பொருள் சேர்வதால், ஐந்து என்ற பொருள் தரும் இந்தியச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்கிறார். அதாவது பஞ்சாமிர்தம், பஞ்சாங்கம், பஞ்சபூதம் வரிசையில் வரும் அதே ‘பஞ்ச’.

எல்லா மொழி ஆய்வாளர்களும் இதை ஏற்பதில்லை. பழைய செய்முறைகளில் பொருட்களின் எண்ணிக்கை எப்போதும் ஐந்தாக இல்லை என்பது ஒரு வாதம். மது நிரப்பும் பீப்பாய்க்கு ஆங்கிலத்தில் இருந்த ஒரு பழைய பெயரின் சுருக்கம்தான் பஞ்ச் என்பது இன்னொரு வாதம். ஆனால் பானம் பிறந்த சூழல் பற்றிப் பெரிய சண்டை இல்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பீரும் ஒயினும் நீண்ட கப்பல் பயணத்திலும் வெயிலிலும் கெட்டுப் போயின. கிழக்கே சுலபமாகக் கிடைத்தது சாராயம். அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து குடித்த பழக்கம், கப்பல் ஆட்களோடு லண்டன் போய்ச் சேர்ந்தது.

லண்டனில் என்ன ஆச்சு?

பஞ்ச் அங்கே ஃபேஷன் ஆகிவிட்டது. பஞ்ச் விற்பதற்கென்றே தனிக் கடைகள் வந்தன. 1731-ல் லண்டன் லட்கேட் ஹில் பகுதியில் ஜேம்ஸ் ஆஷ்லி என்பவர் திறந்த ‘பஞ்ச் ஹவுஸ்’ அதில் பிரபலமானது.

அந்தக் கால மேஜை எப்படி இருந்தது என்று பார்க்கணுமா? ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1733-ல் வெளியிட்ட ‘எ மிட்நைட் மாடர்ன் கான்வர்சேஷன்’ என்ற அச்சுப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்க. நடுவில் பெரிய பஞ்ச் கிண்ணம், சுற்றிலும் நிலைதடுமாறிக் கிடக்கும் கனவான்கள். மதுவின் கேட்டை அன்றைக்கே கிண்டலடித்த படம் அது.

பணக்கார வீடுகளில் கிண்ணம் சீனப் பீங்கானில் இருந்தது. கரண்டி வெள்ளியில் இருந்தது. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டிய இந்தக் கரண்டிகள், 18-ம் நூற்றாண்டின் நடுவில் வசதியான வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் நிறைய இந்தக் காலத்துப் பொருட்கள்தான்.

காம்பு ஏன் வெள்ளியில் இல்லை?

நல்ல கேள்வி. இவ்வளவு செலவு பண்றவங்க காம்பையும் வெள்ளியில் செய்திருக்கலாமே?

காரணம் சூடு. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. கொதிக்கும் பானத்தில் முழு வெள்ளிக் கரண்டியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கை சுட்டுவிடும். நம்ம வீட்டுச் சட்டுவத்துக்கு மரப்பிடி போடுவது இதே காரணத்துக்காகத்தான்.

அதனால் ஆரம்பத்தில் மரக் காம்பு. கருங்காலி, பழ மரங்கள் எல்லாம் பயன்பட்டன. பிறகு வந்ததுதான் இந்தக் கரண்டிகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட காம்பு. கறுப்பாக, மெல்லியதாக, கயிறு மாதிரி முறுக்கியிருக்கும். நுனியில் சின்ன வெள்ளிக் குப்பி.

இது மரமும் இல்லை, கொம்பும் இல்லை. திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்தது. ஆங்கிலத்தில் ‘திமிங்கல எலும்பு’ என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும் இது எலும்பே இல்லை. பல் இல்லாத பெரிய திமிங்கலங்களின் மேல்தாடையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தொங்கும் தகடு. பெயர் பலீன். கடல் தண்ணீரை வடிகட்டிச் சின்ன உயிர்களைத் தின்பதற்குத் திமிங்கலம் பயன்படுத்தும் சல்லடை அது. நம்ம நகமும் முடியும் எந்தப் புரதத்தால் ஆனதோ, அதே கெரட்டின்தான் இதுவும்.

பிளாஸ்டிக் இல்லாத காலத்தில் பலீன்தான் பிளாஸ்டிக். சூடுபடுத்தினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். குடைக் கம்பிக்கும் பெண்களின் இறுக்கமான மேலாடைக்கும் அதைத்தான் வைத்தார்கள். கரண்டிக்காரர்கள் சூடுபடுத்தி முறுக்கினார்கள். கைக்குச் சூடு ஏறாது, எடை குறைவு, வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது.

ஆனால் இதற்காகக் கொடுத்த விலை சின்னது இல்லை. ஆர்க்டிக் பகுதியின் போஹெட் திமிங்கலங்களும் ரைட் வேல் என்ற வகையும் எண்ணெய்க்காகவும் பலீனுக்காகவும் பல நூறு வருஷம் வேட்டையாடப்பட்டன. வடக்கு அட்லாண்டிக் ரைட் வேல் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இருக்கும் இனம்.

அடியில் ஒரு நாணயம் எதற்கு?

நிறைய பஞ்ச் கரண்டிகளைத் திருப்பிப் பார்த்தால், முகப்பின் நடுவில் ஒரு நாணயம் பதிந்திருக்கும். பெரும்பாலும் வெள்ளி ஷில்லிங். சிலவற்றில் தங்க நாணயம்கூட உண்டு.

அழகுக்கு வைத்தது மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளியும் காசும் ஒன்றுதான். கையில் இருக்கும் நாணயத்தை ஆசாரியிடம் கொடுத்துப் பாத்திரமாக மாற்றிக்கொள்வது சாதாரணம். சில கரண்டிகளில் முகப்பு முழுவதுமே ‘கிரவுன்’ என்ற பெரிய நாணயத்தை அடித்து நீட்டிச் செய்தது. ஒரு கிரவுன் சுமார் 30 கிராம். அது நாணயத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? கிரவுனின் பக்கவாட்டு விளிம்பில் லத்தீன் எழுத்துகள் இருக்கும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுபவர்களைத் தடுக்கப் பொறித்த எழுத்து அது. அடித்து விரித்த பிறகும் சில கரண்டிகளின் விளிம்பில் அந்த எழுத்துகள் அப்படியே தெரியும்!

நாணயம் சில கதைகளையும் சொல்லும். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தலைக்குக் கீழே ‘லிமா’ என்று இருந்தால், அது 1745, 1746-ம் ஆண்டு நாணயம். எதிரிக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷார் கைப்பற்றிய தென் அமெரிக்க வெள்ளியில் அடித்ததைக் காட்டவே அந்தப் பெயர்.

ஆனால் உஷார். நாணயத்தின் வருஷம்தான் கரண்டியின் வருஷம் என்று நினைக்கக் கூடாது. 1787 ஷில்லிங் வைத்த கரண்டி 1787-க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது, அவ்வளவுதான். 1820-ல் செய்திருக்கலாம். போன வருஷம்கூடச் செய்திருக்கலாம்! ‘நாணயத்தில் தேதி இருக்கு சார்’ என்று விற்பவர் சொன்னால், அது பாதி உண்மைதான்.

இனிப்புக்குப் பின்னால் இருந்த கசப்பு

ஒரு பஞ்ச் மேஜையைக் கற்பனை செய்து பாருங்க. கிண்ணம் சீனாவிலிருந்து. ஜாதிக்காய் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து. காம்பு ஆர்க்டிக்கிலிருந்து. வெள்ளி பெரும்பாலும் தென் அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து.

ரம்மும் சர்க்கரையும்? கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். பிரிட்டன் 1807-ல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது. அதாவது, இந்தக் கரண்டிகளின் பொற்காலம் முழுவதும் அந்த இனிப்பு அடிமைகளின் உழைப்பில் வந்தது.

இது அன்றைக்கே தெரியாத விஷயம் இல்லை. 1791-ல் பிரிட்டனில் பல குடும்பங்கள் கரீபியன் சர்க்கரையைப் புறக்கணித்தன. பிறகு, ‘இது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை’ என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. அப்படி ஒரு நீலக் கண்ணாடிக் கிண்ணம் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பழம்பொருள் என்றால் அழகு மட்டும் இல்லை, இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

அமெரிக்க விடுதலையிலும் ஒரு பஞ்ச் கிண்ணம்

பஞ்ச் மேஜை அரசியல் மேஜையாகவும் இருந்தது. 1768-ல் பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து மாசசூசெட்ஸ் சட்டமன்றம் மற்ற காலனிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ‘திரும்பப் பெறு’ என்று உத்தரவு வந்தபோது 92 உறுப்பினர்கள் முடியாது என்று வாக்களித்தார்கள். அவர்களைக் கௌரவிக்க பாஸ்டன் வெள்ளி ஆசாரி பால் ரிவியர் ஒரு வெள்ளி பஞ்ச் கிண்ணம் செய்தார். அதன் பெயர் ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ கிண்ணம். இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் வரும் அதே பால் ரிவியர்தான்.

அதன் வெள்ளி மதிப்பு எவ்வளவு என்று யாராவது கேட்பார்களா?

‘டாடி’ கரண்டி: கள்ளிலிருந்து ஸ்காட்லாந்துக்கு

பஞ்ச் கரண்டிக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் டாடி கரண்டி. அப்பாவைக் கூப்பிடும் டாடி இல்லை. பனங்கள்ளைக் குறிக்கும் ‘தாரி’ என்ற இந்திச் சொல், ஆங்கிலத்தில் ‘டாடி’ ஆனது. பனை மரத்துக் கள்ளின் பெயர் கடல் கடந்து போய், ஸ்காட்லாந்தில் விஸ்கி, வெந்நீர், சர்க்கரை கலந்த சூடான பானத்துக்குப் பெயராகிவிட்டது.

இந்தக் கரண்டி சின்னது. 15 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும். 18-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஸ்காட்லாந்தில் நிறைய செய்தார்கள். பெரிய கண்ணாடிக் கோப்பையில் கலந்து, அதிலிருந்து சின்ன கிளாஸுக்கு ஊற்ற இது. பல சமயம் ஜோடியாகச் செய்தார்கள்.

சந்தையில் இதற்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. எடின்பர்க்கில் செய்த கரண்டிக்கும், ஸ்காட்லாந்தின் ஏதோ ஒரு சின்ன ஊரில் செய்த கரண்டிக்கும் வெள்ளி எடை ஒன்றாக இருக்கலாம். ஆனால் சின்ன ஊர் முத்திரை அரிது என்பதால், அதற்கு சேகரிப்பாளர்கள் பல மடங்கு கொடுப்பார்கள். நகைக்கடையில் செய்கூலியைக் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசுவோம். இங்கே விலையே செய்தவர் யார், எந்த ஊர் என்பதில்தான் இருக்கு.

ஹால்மார்க் படிப்பது எப்படி?

இன்று நாம் சொல்லும் ‘ஹால்மார்க்’ என்ற சொல்லே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் ‘ஹால்’, அதாவது மண்டபத்திலிருந்து வந்தது. 15-ம் நூற்றாண்டில் ஆசாரிகள் பொருளை அந்த மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது.

பழைய ஆங்கிலேய வெள்ளியில் தேட வேண்டியவை இவை:

• நடக்கும் சிங்கம்: 92.5 சதவீத வெள்ளி என்று அர்த்தம். நாம் சொல்லும் ‘925’ இதுதான். 1544 முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

• ஊர் முத்திரை: சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். கோட்டை என்றால் எடின்பர்க். எடின்பர்க் பொருளில் சிங்கத்துக்குப் பதிலாக வேறு தர முத்திரை இருக்கும்.

• வருஷ எழுத்து: ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் எழுத்து. எழுத்து வடிவமும் சுற்றியுள்ள கட்டமும் மாறும். அட்டவணையோடு ஒப்பிட்டால் வருஷம் தெரிந்துவிடும்.

• செய்தவர் முத்திரை: பெயரின் முதல் எழுத்துகள். உதாரணமாக, கணவர் இறந்த பிறகு பட்டறையை ஏற்று நடத்தி, 1761-ல் தன் பெயரில் முத்திரை பதிந்த ஹெஸ்டர் பேட்மேன் என்ற பெண்மணியின் முத்திரைக்கு இன்றும் தனி மவுசு.

• ராஜா அல்லது ராணி தலை: 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கான அடையாளம்.

1697 முதல் 1720 வரை கட்டாயமாக இருந்தது இன்னும் தூய வெள்ளி, 95.8 சதவீதம். அந்தக் காலப் பொருளில் சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவம் இருக்கும்.

முக்கியமான ஒன்று: பஞ்ச் கரண்டிகளில் நிறைய முத்திரையே இல்லாமல் இருக்கும். குறிப்பாக நாணயத்தை அடித்துச் செய்தவை. முத்திரை இல்லை என்பதாலேயே போலி என்று தூக்கி எறியக் கூடாது. இருக்கு என்பதாலேயே அசல் என்றும் நம்பக் கூடாது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. ஊதிப் பாருங்க. உடைந்த பழைய ஸ்பூனிலிருந்து முத்திரை உள்ள துண்டை வெட்டி, வேறு பொருளில் பற்றவைக்கும் மோசடி உண்டு. முத்திரை இருக்கும் இடத்தில் வாயால் ஆவி பட ஊதினால், பொடிவைத்துப் பற்றவைத்த கோடு லேசாகத் தெரியும்.

2. முகப்பும் காம்புக் குழலும் சேரும் இடத்தைப் பாருங்க. வலு தாங்குவது அந்த இடம்தான். ஈயப் பற்று சாம்பல் நிறமாகத் திட்டுத் திட்டாக இருந்தால், பின்னாளில் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

3. காம்பைப் பாருங்க. பலீன் காய்ந்தால் இழை இழையாகப் பிரியும். பூச்சி அரித்த தடமும் இருக்கலாம். குறையே இல்லாமல், அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் அது பிளாஸ்டிக்காகவோ புதிதாக மாற்றிய காம்பாகவோ இருக்கலாம். காம்பு மாற்றியது குற்றம் இல்லை. ஆனால் விலை குறையணும்.

4. ‘இபிஎன்எஸ்’ என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது வெள்ளி முலாம். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மின்சார முலாம் வணிக ரீதியில் பரவியது 1840-க்குப் பிறகுதான். அதனால் ‘1750 கரண்டி’ என்று சொல்லி இபிஎன்எஸ் பொருளைக் காட்டினால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

5. காந்தச் சோதனையை மட்டும் நம்பாதீங்க. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, சரி. பித்தளையும் செம்பும்தான் ஒட்டாதே! கீறல் விழாமல் உலோகத்தின் அளவைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இன்று நகை சோதனை மையங்களில் இருக்கு. அதில் பார்ப்பது நல்லது. முகப்பு, குழல், நாணயம் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்க.

இந்தியாவில் செய்த பழைய வெள்ளி என்றால்?

கல்கத்தாவின் ஹாமில்டன் அண்ட் கம்பெனி, மெட்ராஸின் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கிருந்த ஐரோப்பியர்களுக்காக மேஜைச் சாமான்களை வெள்ளியில் செய்தன. சாமி உருவங்கள் பொறித்த மெட்ராஸ் ‘சுவாமி’ வெள்ளி வெளிநாடுகளிலும் பெயர் வாங்கியது.

ஆனால் அன்றைய இந்தியாவில் லண்டன் மாதிரி அரசு முத்திரைச் சாலை கிடையாது. நிறுவனங்கள் தங்கள் பெயரையோ தாங்களே உருவாக்கிய குறிகளையோ குத்திக்கொண்டன. அதனால் சிங்கம் இல்லை என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால் அதோடு விட்டுவிடாதீங்க. நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும்.

ஒன்று, இந்தியாவில் 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ‘வீட்டுச் சாமான்தானே, பையில் போட்டு எடுத்துட்டுப் போயிடலாம்’ என்று நினைத்தால் ஏர்போர்ட்டில் சிக்கல்தான்.

இரண்டு, திமிங்கலம். நம்ம ஊர் செய்திகளில் அடிக்கடி வரும் அம்பர்கிரிஸ் பறிமுதல் ஞாபகம் இருக்கா? வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலம் முதல் அட்டவணையில் இருக்கிறது. பெரிய திமிங்கலங்களின் பாகங்களைச் சர்வதேச அளவில் விற்பதற்கு ‘சைட்ஸ்’ ஒப்பந்தக் கட்டுப்பாடும் உண்டு. வெளிநாட்டு ஏலத்தில் பலீன் காம்பு உள்ள கரண்டியை ஆன்லைனில் வாங்கும் முன், அனுமதி பற்றி வனத்துறை, சுங்கத்துறை விதிகளை விசாரிப்பது அவசியம்.

வீட்டில் இருந்தால் எப்படிப் பாதுகாப்பது?

திருநீறு போட்டுத் தேய்த்தால் வெள்ளி பளபளக்கும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகும். 200 வருஷ முத்திரை மழுங்கிப் போக இதுவே காரணமாகலாம். மென்மையான துணி, மிதமான சோப்புத் தண்ணீர் போதும். முத்திரை மேல் அழுத்தித் தேய்க்காதீங்க.

பலீன், மரக் காம்புகளைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. வெந்நீர் கூடவே கூடாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீங்க. ரப்பரில் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

அப்போ... எடைக்குப் போட்டால் என்ன நஷ்டம்?

இது ஏற்கெனவே ஒருமுறை பெரிய அளவில் நடந்திருக்கு. அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், 1979 தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த விலை, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. மக்கள் மெழுகுவத்தித் தண்டு, டீ செட், ஸ்பூன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வாங்குபவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். ஏராளமான பழைய வெள்ளி உருக்கப்பட்டது. மார்ச் மாதமே விலை 11 டாலருக்கும் கீழே சரிந்தது. விலை ஏறி இறங்கிவிட்டது. உருக்கிய பொருட்கள் திரும்பி வரவில்லை.

அந்த 50 டாலர் எல்லையை வெள்ளி மறுபடி தாண்டியது 2025 அக்டோபரில். அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது முக்கியமாகிறது.

பஞ்ச் கரண்டியில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். காம்பு வெள்ளி இல்லை, அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருக்கும் சில பத்து கிராமில் சேதாரம் கழிப்பார்கள். கைக்கு வருவது சின்ன தொகை. நாணயம், முத்திரை, ஊர்ப் பெயர், செய்தவர் பெயர் என விலையைக் கூட்டக்கூடிய எல்லாமே முதல் சூட்டிலேயே போய்விடும்.

அதற்காக எல்லாப் பழைய வெள்ளியும் பொக்கிஷம் என்று அர்த்தம் இல்லை. அடிபட்டது, ஒட்டுப்போட்டது, மிகச் சாதாரணமானது எல்லாம் எடை விலைக்கே போகலாம். தப்பில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு விற்பது வேறு, தெரியாமல் விற்பது வேறு.

ஆகவே, வீட்டில் இருக்கும் பழைய வெள்ளி எதுவாக இருந்தாலும் தராசில் வைக்கும் முன் 3 வேலை செய்யுங்க. மொபைலில் முத்திரைகளைக் கிட்டத்தில் போட்டோ எடுங்க. அருங்காட்சியகத்திலோ பழைய வெள்ளி தெரிந்த ஒருவரிடமோ காட்டுங்க. பொருளாக என்ன விலை, எடையாக என்ன விலை என்று இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்க. உருக்குவதாக இருந்தால் அதை அடுத்த வாரமும் உருக்கலாம்.